வலையொலியும் வளையொலியும்

சொற்கள் பிறக்கும் வகையை ஆராய்தல் தமிழ் பயிலும் எம்மனோர்க்கு இன்பந் தருவதாம். சென்ற விடுமுறையில் அவ்வின்பத்தோடு சிறிது நாணமும் எமக்கு வாய்த்தது. அதனை ஈண்டு உரைப்பாம்.

பதிந்து வைத்த பேச்சினை இணையத்தின் வழியே வேண்டியபோது கேட்கும் முறையை ஆங்கிலத்திற் 'பாட்காஸ்டிங்' என்பர். 2004-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிற் பென் ஹாமர்ஸ்லி என்பார் 'கார்டியன்' இதழில், இப்புதுமைக்கு யாது பெயரிடலாமென வினவி, முன்வைத்த பெயர்களுள் இஃதொன்று. 'ஐபாட்' என்னுங் கருவிப்பெயரின் கடையும் 'பிராட்காஸ்ட்' என்னுஞ் சொல்லின் கடையுங் கூடியது இது. பின்னைய சொல், வானொலி தோன்றுமுன், வயலில் விதையைக் கைவீசித் தெளித்தலைக் குறித்தது. 2005-இல் நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதியார் 'பாட்காஸ்ட்' என்பதை அவ்வாண்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தனர். 2022-இல் ஐபாட் செய்வது நிறுத்தப்பெற்றது. கருவி மறைந்தும் அதன் பெயரிற் பிறந்த சொல் மறைந்திலது.

தமிழில் இதனை 'வலையொலி' என வழங்குகின்றனர். வானொலி யென்பதனோடு ஒத்து நடக்கும் இச்சொல்லின்மேல் எமக்குப் பெருங் காதலுண்டு.

எம் பாட்டியார் முன்னாட் பள்ளியாசிரியை. நூலெடாது ஒருநாளுங் கழியாத அவர்க்குக் கண்ணொளி மங்கி ஈராண்டாயிற்று. திண்ணையில் வாளாவிருந்த அவரருகே எமது கைப்பேசியை வைத்து, செந்தமிழாய் ஒலிக்கக் கருதி, "பாட்டி, இது வலையொலி; கதை சொல்லும்" என்றோம்.

"வளையொலியா? நான் வளை கழற்றி எத்தனை காலமாயிற்று, தம்பி!" என்று நகைத்தார்.

அவர் செவியிற் குறையில்லை. எம் நாவிலேயே குறை. லகரமும் ளகரமும் பிறக்கும் இடத்தையும் முயற்சியையுங் கூறும் நன்னூற் சூத்திரத்தைத் தேர்வில் வழுவின்றி எழுதி மதிப்பெண் பெற்றவர் யாம். ஆயினும், ஒலியை மிகத் திருத்த முயன்று, லகரத்திற்கும் நாவை வளைத்துவிட்டோம். "நுனியைப் பல்லடியில் வை" எனப் பாட்டியார் பலமுறை சொல்லித் திருத்தினார். கண் மங்கியபின் அவர் நடத்திய முதற்பாடம் அதுவே. அவர் முகத்திற் பழைய ஆசிரியையைக் கண்டோம்.

புதுச்சொல்லை ஆக்குவார் ஆக்குக; அதனைப் பிழையறச் சொல்லும் நாவின்றேல் அச்சொல் பொருளிழக்கும். இஃது எமக்கு வகுப்பறையில் விளங்கிற்றிலது, திண்ணையில் விளங்கிற்று. விடுமுறை கழியுங்காறும் மாலைதோறும் பாட்டியார், "தம்பி, வலையொலியை வை" என்பார். அந்த லகரத்தைக் கேட்டற்பொருட்டே, யாம் சிலவேளை கேளாதார்போல் இருந்ததுமுண்டு.