மணல் உலகமும் தண்ணீர்க் குடமும்

விஞ்ஞானக் கற்பனைக் கதைகளில் பித்துக் கொண்டவர்களைப் பற்றி ஊரில் ஓர் அபிப்பிராயம் உண்டு. வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேட்டால் செவ்வாய்க் கிரகத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் என்பது அது. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. "படக் கதைப் புத்தகமும் கையுமாக ஒரு பட்டதாரி வாத்தியாரா?" என்று பெற்றோர் சிலர் வியப்பதுண்டு. அவர்களுக்கு இங்கே என் சமாதானத்தைச் சொல்லி விடுகிறேன்.

கதைகளுக்கு நான் வைக்கும் பரீட்சை ஒன்றே ஒன்றுதான். எந்தக் கிரகத்தில் நடந்தாலும் சரி, அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சோறு எப்படி விளைகிறது என்று ஆசிரியர் யோசித்திருக்க வேண்டும். யோசித்திருந்தால் ஆகாயக் கப்பல்களையும் நான் நம்பி விடுவேன். இல்லையேல் அவை வெறும் வாண வேடிக்கை.

பிராங்க் ஹெர்பர்ட் என்ற அமெரிக்கர் 1965-ல் வெளியிட்ட 'டியூன்' நாவல் இதில் முதல் வகுப்பில் தேறுகிறது. 1957-ல் அவர் ஆரிகன் மாகாணக் கடற்கரைக்குப் போனார். நகர்ந்து வரும் மணல் மேடுகளைப் புல் நட்டுத் தடுத்து நிறுத்தும் வேலை அங்கே நடந்துகொண்டிருந்தது. பத்திரிகைக்கு அதைப் பற்றி எழுதப் போனவர், ஒரு கிரகம் முழுவதையுமே மணலாகக் கற்பனை செய்யத் தொடங்கி விட்டார். அந்த உலகத்தில் மனிதர்கள் வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் வடிகட்டிக் குடிநீராக்கும் உடையை அணிகிறார்கள்.

இந்நாவலை டெனி வில்னவ் 2021-லும் 2024-லும் இரண்டு படங்களாக எடுத்தார். முதல் படத்தில் ஒரு சிறு காட்சி: அரண்மனையில் 20 பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. ஒவ்வொரு மரமும் தினம் 5 பேர் குடிக்கும் தண்ணீரைக் குடிக்கிறது என்கிறான் தோட்டக்காரன். ஆக, 100 உயிர்களின் தண்ணீர்! யுத்த ஆரவாரமெல்லாம் மறந்த பிறகும் அந்தக் கணக்கு எனக்கு மறக்கவில்லை. ஆனால் நாவலில் உள்ள விருந்தைப் படத்தில் காணோம். அங்கே விருந்தினர் கை நனைத்துத் தரையெல்லாம் நீரைச் சிந்துவது பழைய வழக்கம். ஈரத் துண்டுகளைப் பிழிந்தால் கிடைக்கும் நீருக்காகப் பிச்சைக்காரர்கள் வாசலில் காத்திருப்பார்கள். புதிதாக வந்த பிரபு அவ்வழக்கத்தை நிறுத்துகிறார். இரண்டாவது படம் போரைப் பிரமாதமாகக் காட்டுகிறது. பாலைவனத்தைச் சோலையாக்கும் கனவோ புழுதியில் மங்கிப் போகிறது. பத்துக்கு ஏழு மார்க்கு.

படக் கதையில் என் மனத்தைக் கவர்ந்தது ஜப்பானியரான ஹயாவோ மியாசாகி 1982 முதல் 1994 வரை விட்டு விட்டு வரைந்த 'நௌஸிகா'. விஷக் காற்றைக் கக்கும் காடு ஒன்று பூமியைப் பரவி விழுங்குகிறது. எல்லாரும் அதைக் கண்டு அஞ்ச, இளவரசி நௌஸிகா மட்டும் அக்காட்டின் செடிகளைத் தூய நீரிலும் மண்ணிலும் ரகசியமாக வளர்த்துப் பார்க்கிறாள். அவற்றில் விஷமே இல்லை! முன்னோர்கள் மண்ணைக் கெடுத்திருக்கிறார்கள். காடு அதைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. ஊகம், சோதனை, முடிவு என்று நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை இந்தப் பெண் செய்து காட்டிவிடுகிறாள். பத்துக்கு ஒன்பதரை. அரை மார்க்கைக் குறைப்பது வாத்தியார்களின் குலதர்மம்.

கிம் ஸ்டான்லி ராபின்ஸன் 2020-ல் எழுதிய 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்' நம் உத்தரப் பிரதேசத்தில் தொடங்குகிறது. தாங்க முடியாத வெப்பம். காற்றில் கனத்த ஈரம். மின்சாரம் நின்று போகிறது. ஜனங்கள் ஏரியில் இறங்குகிறார்கள். ஏரியும் கொதிக்கிறது. ஊரார் கும்பலாக மடிய, பிழைப்பவன் வெளிநாட்டான் என்பதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் விஞ்ஞானத்தில் பிசகு இல்லை. வியர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. ஈரத் துணி சுற்றிய உஷ்ணமானியே 35 டிகிரி காட்டுமானால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரனுக்கும் ஆபத்துத்தான்.

இதை வகுப்பில் சொல்லி, உஷ்ணமானியில் ஈரத் துணி சுற்றிப் பார்த்தோம். நல்ல வேளை, அபாய எல்லைக்குக் கீழேதான் இருந்தது. அப்போது ஒரு பெண் எழுந்து, "எங்கள் தெருவில் கரண்டு போனால் பாட்டியை எங்கே கூட்டிக்கொண்டு போவது, ஸார்?" என்று கேட்டாள். என் பாடப் புத்தகம் எதிலும் அந்தக் கேள்வி கிடையாது.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கிறதல்லவா? நம் பாட்டனார் காலத்தில் ஒருவர் அதைக் கதையாக எழுதியிருந்தால், அதீதக் கற்பனை என்று சிரித்திருப்பார்கள். நம் குழந்தைகள் வாழப் போகும் உலகத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே போய்ப் பார்த்துவிட்டு வருகின்றன இந்தக் கதைகள். ஆகவே, அடுத்த முறை அவர்கள் கையிலிருந்து படக் கதையைப் பிடுங்கத் தோன்றினால், பிடுங்குமுன் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று கேளுங்கள்: "இந்த ஊரில் தண்ணீர் எங்கிருந்தப்பா வருகிறது?"