பைக்குக் காவல் போதும்!

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நான்கு முறை கொல்லிமலைக்குப் போய் வந்தவள் நான். ஆகாய கங்கை அருவியை மட்டும் பார்த்ததில்லை. சிரிக்காதீர்கள்! முதல் தடவை மகள் வயிற்றில். அடுத்த தடவை அவள் இடுப்பில். மூன்றாம் தடவை மகன் கைக்குழந்தை. நான்காம் தடவை ஒரு காரணமும் கிடையாது. சாப்பாட்டுக் கூடைக்கும் துணிப் பைக்கும் யாராவது காவல் இருக்க வேண்டுமே, அவ்வளவுதான். அறப்பளீசுவரர் கோயில் பக்கம் உட்கார்ந்திருந்து, ஈரத் தலையோடு ஏறி வந்தவர்களுக்கு எலுமிச்சை சாதம் பரிமாறினேன். என்னைப் போலவே பையும் கையுமாக நாலைந்து பெண்கள் அங்கே இருந்தார்கள். எந்தச் சுற்றுலாத் தலத்துக்கும் போய்ப் பாருங்கள், இந்தக் கூட்டம் கட்டாயம் இருக்கும்.

இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேச்சு வந்தபோது, "ஏங்க, இந்தத் தடவை பையே வேண்டாம்" என்றேன்.

"பையில்லாம எப்படிம்மா? பிள்ளைங்களுக்குப் பசிச்சா?" என்றார் அத்தை. நியாயமான கேள்விதான். காலையில் ஆளுக்கு இரண்டே இட்லி. மதியச் சாப்பாடு செம்மேட்டில் கடையில். தின்பண்டம் எதுவும் காரைவிட்டு இறங்கக் கூடாது. அந்தப் படிகளில் குரங்குகள் அதிகம், கையில் பை தெரிந்தால் போதும், பிடுங்கிவிடும். ஆகவே பையில்லாமல் இறங்குவது வசதி மட்டுமல்ல, பத்திரமும்கூட.

"இப்போ போய் என்ன, தண்ணியே இருக்காது, ஐப்பசியில போகணும்" என்று சொல்பவர்கள் உண்டு. என் கட்சி வேறு. மழை மாதத்தில் அருவி பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் படி வழுக்கும், தண்ணீர் மிஞ்சினால் குளிக்க விடவும் மாட்டார்கள். பங்குனியில் நீர் மெலிந்திருக்கும், படி காய்ந்திருக்கும். மலையும் சும்மா இருப்பதில்லை. இலை உதிர்த்த இலவ மரத்தில் சிவப்புப் பூ, பலா மரத்தடியில் கொத்துக் கொத்தாய்ப் பிஞ்சு. கோடை மழை ஒன்று பெய்துவிட்டால் காப்பித் தோட்டமே வெள்ளையாகப் பூத்து, மல்லிகைப் பந்தலுக்குள் நுழைந்த மாதிரி மணக்கும்.

சேலத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, ராசிபுரம் வழியாகக் காரவள்ளி அடிவாரம் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருப்பதால் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். வாந்தி வரும் குழந்தையை முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஆபத்து. பின்னால் நடுவில் உட்காரவைத்துத் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். படப் புத்தகமும் செல்போனும் கையில் கொடுத்தால் குமட்டல் இன்னும் அதிகமாகும்.

கோயில் வாசலில் ஏற்பாடு இதுதான்: நாலு வயசுப் பையனோடு அவர் மேலே இருப்பார். அத்தைக்கு மூட்டுவலி, பிராகாரத்திலேயே இருக்கிறேன் என்றுவிட்டார். நானும் பத்து வயசு மகளும் மட்டும் கீழே. "தனியாவா?" என்றார் அவர். "ரெண்டு பேரு எப்படிங்க தனி?" என்றேன்.

1,000 படிகளுக்கு மேல். மலைக்கோயில் என்றால் முதலில் ஏறிக் களைப்போம், திரும்பும்போது சுலபம். இங்கே எல்லாம் தலைகீழ். சிரித்துக்கொண்டே இறங்கிவிடலாம், கஷ்டமெல்லாம் பிற்பாடுதான். இறங்கும்போது முழங்கால் வாங்குகிற அடியும் அதிகம். மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால்தான். இதய நோய், மூச்சிரைப்பு, மூட்டுவலி உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்களும் மேலேயே இருந்துவிடுவது நல்லது. கால் நடுங்க ஆரம்பித்தால் பாதியில் திரும்புவதில் வெட்கம் எதற்கு?

பெண்களுக்கென்று இன்னொன்று சொல்ல வேண்டும். வெளியே போனால் நாம் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று நமக்குத் தெரியும், ஆண்களுக்குத் தெரியாது! ஒதுங்க இடம் கிடைக்காதே என்று காலையிலிருந்து வாயைக் கட்டினால், மலை ஏறும்போது தலை சுற்றும், வீடு வந்ததும் நீர்க்கடுப்பு. செம்மேட்டில் சாப்பிடும் கடையோ தேநீர்க் கடையோ, கழிவறை இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிட்டு உட்காருங்கள். போய்விட்டு, பிறகு தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள். ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவாகக் கலந்து, தோளில் மாட்டும் பாட்டிலில் கொண்டு போனேன். என்னுடைய ஒரே சாமான் அதுதான்.

படிகளின் எண்ணிக்கையை மகள் நானூறுக்குப் பக்கத்தில் தவறவிட்டாள். பிறகு சத்தம் கேட்டது. அப்புறம் குளிர்ந்த காற்று. கடைசித் திருப்பத்தில் அருவி.

ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மெலிந்த நீர் என்றேனே, அது கீழே வருவதற்குள் பாதி சாரலாகிவிடுகிறது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"அம்மா, நீ இதைப் பாத்ததே இல்லையா? நான் போன தடவையே அப்பாகூட வந்துட்டேனே!"

என்ன சொல்ல? "வா, குளிக்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போய்த் தலையைக் கொடுத்தேன். மாற்றுத் துணி இல்லை. பருத்திச் சுடிதார், ஏறி முடிப்பதற்குள் முக்கால்வாசி காய்ந்துவிட்டது.

ஏறுவதற்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. ஐம்பது படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தோம். பேச மூச்சு இருக்கிறவரை ஏறுவது, பேச முடியாவிட்டால் உட்காருவது. மகள் தன் பள்ளிக்கூடத்து ரகசியங்களை எல்லாம் அந்தப் படிகளில்தான் என்னிடம் கொட்டினாள். வீட்டில் அதைக் கேட்க எனக்கு நேரம் ஏது?

மேலே வந்தால் அவர் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பையன் மூன்று முறை கோயிலைச் சுற்றி ஓடியிருக்கிறான், வாங்கிக் கொடுத்த வாழைப்பழத்தைக் குரங்கு பறித்ததில் ஒரே அழுகை. "அருவியில இறங்கி ஏறியிருந்தாக்கூட இவ்வளவு களைச்சிருக்க மாட்டேன்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பிட்டுவிட்டு, அத்தைக்காகச் சீக்குப்பாறைக் காட்சிமுனைக்கு வண்டியை விட்டோம். கையைப் பிடித்து மெதுவாக அழைத்துப் போனேன். கீழே பள்ளத்தாக்கையும் வெயிலில் மங்கித் தெரிந்த சமவெளியையும் கம்பியைப் பிடித்தபடி ரொம்ப நேரம் பார்த்தார். காரில் ஏறியதும் கேட்டார்:

"ஏம்மா, ஏற்காட்டுல பகோடா பாயிண்டுன்னு சொல்றாங்களே, அதுக்குப் பக்கம் வரைக்கும் வண்டி போகுமா?"

"போகும் அத்தை."

"அப்ப அடுத்த மாசம் அங்க போலாம்."