ஷிப்ட் முடிந்தபின் எழுதுகிறவர்கள்

சென்னைக்கு அருகே தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடத்தில் எழுத ஆசைப்படுகிறவருக்கு முதல் தட்டுப்பாடு இடம்தான். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து வெளியூர்களிலிருந்து வந்த பையன்கள் ஒரே அறையை நாலைந்து பேராகப் பகிர்ந்துகொள்கிறார்கள். நைட் ஷிப்ட் முடித்தவர் படுக்கும்போது இன்னொருவர் வேலைக்குக் கிளம்புகிறார். விளக்கைப் போட்டுக்கொண்டு எழுத உட்கார முடியாது. பல கம்பெனிகளில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மிஞ்சுவது கம்பெனி பஸ்ஸும் வார விடுமுறையும்.

இந்த நெருக்கடி தமிழ் எழுத்துக்குப் புதிதல்ல. தி.நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர் அசோகமித்திரன்.

1931இல் செகந்திராபாத்தில் பிறந்த அவர், தந்தை இறந்தபின் சென்னைக்கு வந்து எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்ப்பது அங்கே அவருடைய வேலைகளில் ஒன்று. நாள் முழுக்கப் பேப்பர் கிழிக்கிறவருக்கு வேறென்ன வேலை இருக்கும் என்று நினைத்தவர்கள் அவர் அறைக்கு வந்து பேசிக் கொட்டினார்கள். ஒப்பனைப் பிரிவில் இருந்தவரின் மனக்குறை வரைக்கும் அவர் காதில் விழுந்தது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடசாலை கிடையாது: யார் எதற்குக் கோபப்படுகிறார்கள், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார்கள், யாருக்கு முன்னால் குரல் தாழ்கிறது என்பதெல்லாம் அங்கேதான் பிடிபடும்.

1966இல் வேலையை விட்டார். சினிமா உலகை வைத்து அவர் எழுதிய ‘கரைந்த நிழல்கள்’ 1969இல் நாவலாக வந்தது. அதில் நட்சத்திரங்களின் பளபளப்பைவிடப் படம் எடுக்க அலைகிறவர்களின் பாடே பெரிதாகத் தெரியும். செகந்திராபாத் இளமைக்காலமோ இன்னும் காத்திருந்தது. 1948இன் ஐதராபாத் கொந்தளிப்பைப் பின்னணியாகக் கொண்ட ‘18வது அட்சக்கோடு’ வெளிவந்தது 1977இல். இன்று பட்டதை இன்று ராத்திரியே கதையாக்க முடியவில்லையே என்று தவிக்கும் இளைஞருக்கு அந்த இடைவெளி பெரிய ஆறுதல்.

இடமும் நேரமும் கிடைத்த பிறகு வருவது மொழிச் சிக்கல். தொழிற்சாலையைப் பற்றி முதன்முதலில் எழுதுகிறவர் பெரும்பாலும் ‘இயந்திரங்கள் இரைந்தன, வியர்வை ஆறாக ஓடியது’ என்றுதான் ஆரம்பிப்பார். அசெம்பிளி லைனில் நிற்கிறவர் அதைப் படித்தால், “எந்த மெஷின், எந்த ஷாப்?” என்று கேட்பார். அந்தக் கேள்வியில் கதை தொடங்குகிறது. கார் கம்பெனியில் வண்ணம் பூசும் பிரிவான பெயிண்ட் ஷாப்புக்குள் நினைத்தபடி சென்ட் அடித்துக்கொண்டு நுழைய முடியாது. அதில் சிலிக்கோன் கலந்திருந்தால் பெயிண்டில் குழி விழும். மாலையில் பெண் பார்க்கப் போக வேண்டிய ஒருவன், காலையில் சென்ட் பாட்டிலைக் கையில் எடுத்து அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறுகிறான் என்று எழுதினால் போதும். வியர்வையைச் சொல்லவே வேண்டாம்.

பேசுகிறபடியே எழுதும் துணிச்சலைக் கி.ராஜநாராயணனிடம் கற்கலாம். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட இடைசெவல் கிராமத்து விவசாயி. முப்பது வயது தாண்டித்தான் சிறுகதைக்கு வந்தார். ஊர்ப் பேச்சை ஒளிக்காமல் எழுதினார். கரிசல் வட்டாரச் சொற்களுக்குத் தனி அகராதியே தொகுத்தார். 1991இல் ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவருக்குக் கரிசல் பேச்சு எப்படியோ, ஒரகடத்து இளைஞருக்கு ‘ஓ.டி.’, ‘ரிலீவர்’, ‘ரீவொர்க்’, ‘காண்ட்ராக்ட்’ எல்லாம் அப்படி. இவற்றுக்கு அகராதித் தமிழ் தேடிக்கொண்டிருந்தால் பாத்திரம் வாய் திறக்காது.

தொழிற்சாலைக்குள்ளிருந்து எழுத்து பிறப்பது சீனாவிலும் நடந்திருக்கிறது. சிச்சுவானிலிருந்து தொங்குவான் நகரத்துக்குப் பிழைக்க வந்த செங் சியாவ்சியோங், உலோகப் பொருள் தொழிற்சாலையில் வேலை பார்த்தபடி கவிதை எழுதினார். 2007இல் ‘மக்கள் இலக்கியம்’ இதழின் விருது அவருக்குக் கிடைத்தது. ஊரை விட்டு வந்த பெண்கள், திருகாணி, அடிபட்ட விரல் ஆகியவையே அவர் கவிதையின் பொருள்கள்.

ஒரகடத்துக்கு இப்போது தேவை, எழுதியதைப் படித்துக் காட்டினால் கேட்க நாலு பேர். இடைசெவலில் கி.ரா.வுக்கு அதே ஊரில் பிறந்த எழுத்தாளர் கு.அழகிரிசாமி இருந்தார்; அழகிரிசாமி ஊரைவிட்டுப் போனபிறகும் இருவரும் கடிதத்தில் பேசிக்கொண்டார்கள். இங்கே பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரிடமே கதையைப் படித்துக் காட்டலாம். எந்த ஷாப்பில் எது நடக்காது என்பது அவருக்குத் தெரியும்.