சாயப்பட்டறைக்குப் போட்ட சட்டம்

தாம்பரே, பின்லாந்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பெருமாநல்லூர்த் தோட்டத்தில் வீட்டு வேலை தொடங்கிவிட்டது என்று அத்தை போனில் சொன்னார்கள். ரொம்ப சந்தோஷம். நீங்கள் அனுப்பிய பிளானையும் பார்த்தேன். போர்வெல், பூஜை அறை, கார் நிறுத்த இடம், வாயு மூலையில் செப்டிக் டேங்க். இருபது சென்ட் நிலமும் நாற்பது தென்னையும் வைத்திருப்பவருக்கு அந்த டேங்க் எதற்கு என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் இருக்கும் இந்த ஊரும் துணியால் வளர்ந்ததுதான். 1820-ல் ஜேம்ஸ் பின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆற்றங்கரையில் ஆலை தொடங்க, அது பெரிய பஞ்சாலையாகி, ஊருக்கு ‘பின்லாந்தின் மான்செஸ்டர்’ என்று பேர் வந்தது. இன்று நகருக்குள் பாதாளச் சாக்கடை இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில் ஏரிக்கரைகளிலும் காட்டோரத்திலும் சுமார் 5 லட்சம் கோடை வீடுகள் உண்டு. அவற்றில் நிறைய வீடுகளில் தண்ணீர் ஊற்றாத உலர் கழிப்பறைதான். மரப் பெட்டி, அதன்மேல் மூடியோடு இருக்கை, பக்கத்தில் ஒரு வாளி நிறைய உலர்ந்த பாசிமண், அதில் ஒரு கரண்டி. போய்விட்டு இரண்டு கரண்டி அள்ளிப் போட்டு மூடிவிட வேண்டியது. உள்ளே மர வாசம்தான் வரும். பெட்டி நிறைந்தால் வீட்டுக்காரரே எடுத்து உரத் தொட்டியில் சேர்த்து, நன்றாக மட்கிய பிறகு தோட்டத்தில் போடுகிறார். டாக்டரும் பேராசிரியரும் இதைச் செய்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. உலர் கழிப்பறைக்கென்றே உலக மாநாடு 2003-ல் இந்த ஊரில் தொடங்கிப் பலமுறை நடந்திருக்கிறது.

வெள்ளைக்காரன் செய்தால் சரியா என்று கேட்பீர்கள். நம் முசிறிக்கு வாருங்கள். காவிரிக் கரை ஊர், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குழி தோண்டினால் மலம் கிணற்றுத் தண்ணீரோடு கலந்துவிடும். அங்கே ஸ்கோப் தொண்டு நிறுவனத்தின் சுப்புராமன், தரைக்கு மேலே இரண்டு அறை கட்டும் சூழல் கழிப்பறையை வீடு வீடாகக் கொண்டுபோனார். மலம் நடுத் துளை வழியே கீழ் அறையில் விழும். சிறுநீர் தனியே ஒரு குடத்துக்குப் போகும். கழுவும் தண்ணீர் பின்னால் வேறு வழியாகக் கல்வாழைப் பாத்திக்குப் போகும். நாம் தண்ணீரில் கழுவுகிறவர்கள் என்பதால்தான் இந்த மூன்றாவது வழி. ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல். ஓர் அறை நிறைந்தால் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பார்கள். 2006-ல் முசிறியில் இதே முறையில் பொதுக் கழிப்பறை ஒன்றும் கட்டினார்கள்; பிறகு அங்கே வந்து போகிறவர்களுக்கு முறைக்கு 10 பைசா கொடுத்தார்கள். சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்தப் பத்துப் பைசாவில் நியாயம் இருக்கிறது. ஓர் ஆளின் ஓராண்டுச் சிறுநீரில் மட்டும் இரண்டு முதல் நாலு கிலோ தழைச்சத்து இருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் கணக்குப் போட்டால் அரை மூட்டை முதல் ஒரு மூட்டை யூரியா. அதைத் தண்ணீர் ஊற்றிச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, சொசைட்டியில் வரிசையில் நின்று உரம் வாங்குகிறோம்.

நொய்யல் ஆறு என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குக் கட்டியது. சாயத் தண்ணீர்தான் தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நம் ஊர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகக் கூடாது, சுத்தம் செய்து திரும்ப எடுத்துக்கொள் என்ற விதிக்கு ஊர் கட்டுப்பட்டது. தன் கழிவைத் தானே திரும்ப எடு என்று பட்டறைக்காரரைக் கேட்ட ஊர், தன் வீட்டுக் கக்கூஸை மட்டும் இன்னும் கேட்கவில்லை.

கேட்காததன் விலையை யார் கொடுக்கிறார்கள்? 2025 மே மாதம் கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்களில் மூவர் செத்தார்கள். மூவரும் பட்டியல் சாதியினர். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இப்படிச் சாகிறவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. சட்டம் இருக்கிறது, சாவும் நிற்கவில்லை. தொட்டி நிறைந்தால் லாரியைக் கூப்பிடு, குழாய் அடைத்தால் ஆளைக் கூப்பிடு என்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். அந்த ‘ஆள்’ எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நமக்கு நன்றாகவே தெரியும். உலர் கழிப்பறையில் மட்கி மண்ணான உரத்தை அந்தந்த வீட்டுக்காரரே அள்ளுவது எனக்கு உரக் கணக்கைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த வேலைக்கும் கூலிக்கு ஆள் கூப்பிடுவதாக இருந்தால் இந்தக் கழிப்பறையைக் கட்டவே வேண்டாம்.

அடுப்புச் சாம்பல் இப்போது எங்கே என்று அக்கா கேட்கும். உடுமலை, காங்கயம் பக்கம் தேங்காய் நார்த்தூள் வேண்டிய மட்டும் கிடைக்கிறதே. நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் சுண்ணாம்பு கலந்து போடலாம். பனியன் வேஸ்ட் மட்டும் வேண்டாம்; சாயமும் பாலியஸ்டரும் மண்ணுக்குப் போய்விடும். அவசரமும் கூடாது. குடற்புழு முட்டை லேசில் சாகாது. நம் ஊர் வெக்கையில் மூடிய அறை ஓராண்டுக்கு மேல் அப்படியே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல். அதற்குப் பிறகும் தென்னைக்கும் வாழைக்கும் குழி எடுத்துப் போட்டு மண்ணால் மூடுங்கள். கீரைப் பாத்திக்கும் முள்ளங்கிக்கும் வேண்டாம்.

லைன் வீடு கட்டி வாடகைக்கு விடும் நம் சொந்தக்காரர்களிடமும் பேசுங்கள். பத்துக் குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்று விட்டிருக்கிறார்கள். அந்தத் தொட்டிதான் மாதா மாதம் நிறைகிறது.

கொத்தனார் குழி தோண்டும் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு கரூர் வழியாகக் குளித்தலை போய், காவிரிப் பாலம் தாண்டி முசிறியில் இறங்கிப் பாருங்கள். அக்காவையும் அழைத்துப் போங்கள். தினமும் புழங்கப்போகிறவர் அவர், அவர் பார்த்துச் சரி என்று சொன்னால் மட்டும் கட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்