ஆற்றுக்குப் போகலாம், வாருங்கள்!



மறைமலை நகரிலும் அதனைச் சூழ்ந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது அரும்பொருள். மற்ற நாள்களையெல்லாம் ஆலையும் ஷிப்டும் எடுத்துக்கொள்கின்றன. கிடைத்த அந்த ஒரு நாளில், "ஆற்றுக்குப் போவோம், தூண்டில் போடுவோம், படகு வலிப்போம்" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வீர்கள்? மதரஸாப் பிள்ளைகள் என்னிடம் அப்படிக் கேட்டதுண்டு. போகலாம்; ஆனால் திட்டமிட்டுப் போகவேண்டும் என்பதே நான் சொல்லும் விடை. அந்தத் திட்டத்தை உங்கள் முன்பும் வைக்கிறேன்.

திட்டமிடுவது நம் மார்க்கத்துக்குப் புதிதன்று. கடற்பயணம் செய்யும் ஒருவர் பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து ஓர் ஐயம் கேட்டார். தாங்கள் சிறிதளவு குடிநீரே உடன் கொண்டு செல்வதாகவும், அதில் ஒளுச் செய்தால் தாகத்தால் வாட நேரும் என்றும் கூறி, கடல் நீரில் ஒளுச் செய்யலாமா என்று வினவினார். கடல் நீர் தூய்மையானது, அதில் செத்தவையும் ஆகுமானவை என்று விடை கிடைத்தது. படகேறுபவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டறிந்து ஏறவேண்டும் என்பதும் இந்த நபிமொழியிலிருந்து நாம் பெறும் பாடம் அல்லவா? நாமும் அப்படியே கேட்போம்.

முதற் கேள்வி: எங்கே இருக்கிறது தண்ணீர்?

நமக்கு அருகிலுள்ள பெரிய ஆறு பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 348 கிலோமீட்டர் கடந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலில் கலக்கிறது. செங்கல்பட்டைத் தாண்டி மாமண்டூர் போகும் பாலத்தில் நின்று பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதியில் கண்ணுக்குத் தெரிவது மணலும் நாணற்புதருமே. மேலே அணைகளும் ஏரிகளும் நீரைத் தேக்கிக்கொள்கின்றன. கீழே பல்லாண்டுகளாக மணல் அள்ளப்பட்டது. எனினும் ஆறு செத்துவிடவில்லை. மணலுக்கடியில் ஊறும் நீரைக் கிணறுகள் இறக்கி எடுத்துத்தான் செங்கல்பட்டு, தாம்பரம் பகுதிகளுக்குக் குடிநீர் வழங்கி வருகின்றனர். 2021 நவம்பரில் அதே ஆறு இருகரையும் புரண்டு ஓடியதையும் பார்த்தோம்.

வறண்டால் மணல், பெருகினால் வெள்ளம்! இந்த ஆற்றில் படகு வலிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்குள் மறைந்து கிடக்கும். முழங்கால் அளவு நீரில் நடக்கும் பிள்ளை, அடுத்த அடியில் தலைக்கு மேல் மூழ்கிவிடும். தமிழகத்தின் ஆற்றங்கரைகளில் விடுமுறை நாள் துயர நாளாவது பெரும்பாலும் இப்படித்தான்.

படகுக்கு ஏற்ற இடம் முட்டுக்காடு. வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சென்று வடக்கே திரும்பினால் மொத்தம் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் போய்ச் சேரலாம். அங்கே உப்பங்கழி கடலோடு கூடுகிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984 முதல் அங்கு இயங்குகிறது. துடுப்புப் படகும் மிதிபடகும் வாடகைக்குக் கிடைக்கும். தை, மாசி மாதங்கள் ஏற்றவை. மழையின் வேகம் தணிந்திருக்கும், வெயிலின் கொடுமை தொடங்கியிராது. காலை நேரமே நல்லது. நண்பகலுக்குமேல் கடற்காற்று எழுந்துவிட்டால் துடுப்பு வலிப்பவரின் தோள் நோகும்.

இரண்டாம் கேள்வி: யாருடையது அந்த நீர்?

நமக்கு மீன்பிடித்தல் பொழுதுபோக்கு. கழிக்கரை மக்களுக்கோ அது அன்றாட உணவு. இப்பகுதியில் இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் அமர்ந்தவாறு, வலையின்றிக் கைகளால் துழாவியே இறால் பிடிப்பதுண்டு. மடவையும் கொடுவாயும் அவர்களுக்கு நாளைய அரிசி. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுப் பண்ணையும் உள்ளது. ஆகவே வலை கட்டிய இடத்திலும் பண்ணை வரப்பிலும் தூண்டிலை வீசாதீர்கள். கரையிலுள்ள மீனவரிடம் சலாம் சொல்லியோ வணக்கம் சொல்லியோ, "இங்கே போடலாமா?" என்று கேளுங்கள். நம்மூர் ஏரிகளுக்கும் இது பொருந்தும். பல ஏரிகளில் மீன்பாசி குத்தகை விடப்பட்டிருக்கும். குத்தகைக்காரர் வளர்த்த மீனைக் கேளாமல் பிடித்து வந்து, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சமைத்தால் மட்டும் அது நமக்கு உரியதாகிவிடுமா?

உண்பதற்கு வேண்டிய அளவே பிடியுங்கள். சிறு குஞ்சுகளைத் திரும்ப நீரில் விடுங்கள். உயிருள்ள புழுவைக் கோப்பதைவிடப் பிசைந்த மாவை இரையாக்குவது மேல். இறால், நண்டு பற்றி ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த மஸ்அலாவைப் புறப்படுமுன் உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் கேள்வி: என்ன நிலையில் இருக்கிறது அந்த நீர்?

இக்கேள்வி நம் சமுதாயத்துக்குச் சற்றுக் கசக்கும். பாலாற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், இராணிப்பேட்டை என நம்மவர் பலருக்கு வாழ்வளித்த தோல் தொழில் நகரங்கள் உள்ளன. அத்தொழில் ஈட்டிய செல்வம் கல்லூரிகளாகவும் மதரஸாக்களாகவும் நிற்கிறது. நன்றியோடு சொல்ல வேண்டிய உண்மை அது. அத்தொழிலின் கழிவு நீர் ஆற்றையும் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்ததும் உண்மையே. மாசுபடுத்தியவர் இழப்பீடு தரவேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக அது மீண்டும் கண்டிப்பான ஆணைகள் பிறப்பிக்க நேர்ந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ 28 ஆண்டுகளில் பிறந்த குழந்தை, தாயாகியிருக்கும்!

மனிதர் கைகள் தேடிக்கொண்ட வினையால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றுவதாக இறைமறை எச்சரிக்கிறது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவில் நீரை வீணாக்கலாகாது என்று கற்ற சமுதாயம் நாம். ஒரு குவளை நீருக்குக் கணக்குக் கேட்கும் மார்க்கம், ஓர் ஆற்றுக்குக் கேளாது விடுமா? நம் வட்டாரத்து ஆலைகளில் வேலை செய்வோரும் கழிவு எங்கே போகிறது என்று அறிந்துவைத்தல் கடமை.

இனிப் பயண ஏற்பாடுகள். ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட் எனும் மிதவைச் சட்டை வேண்டும்; நீந்தத் தெரிந்தவருக்கும் விலக்கில்லை. பெண்கள் நீண்ட மேலுடையோடு படகேறுவதாயின், ஈரமான துணி நீருக்குள் கல்லாய்க் கனக்கும் என்பதை நினைவிற்கொண்டு, மிதவைச் சட்டையை அதன்மேல் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்குமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாகச் சொல்லப்படுகிறது. பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே அதைத் தொடங்குங்கள். குடிநீர், மாற்றுடை, தொப்பி, குப்பைக்கு ஒரு பை ஆகியவற்றை மறவாதீர்கள். இது கஸ்ருக்குரிய தொலைவு அன்று. லுஹரைக் கோவளத்துப் பள்ளியில் நான்கு ரக்அத்தாகவே தொழுதுகொள்ளலாம். நூஹ் (அலை) அவர்கள் கப்பலேறியபோது ஓதிய துஆவைப் பிள்ளைகளுக்கு முன்னரே மனனம் செய்வியுங்கள்.

கோவளத்தில் நிற்கும்போது அவ்வூரின் வரலாற்றையும் சொல்லுங்கள். ஆர்க்காட்டு நவாபு காலத்தில் சிறந்த துறைமுகமாயிருந்த ஊர் அது. 1752இல் கிளைவ் அங்கிருந்த கோட்டையையும், நம் செங்கல்பட்டுக் கோட்டையையும் ஒரே ஆண்டில் பிடித்தான். கோட்டைகளின் பெருமை போய்விட்டது; கழியின் நீர் மட்டும் இன்றும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நீர் நம் பேரப்பிள்ளைகளுக்கும் ஒளுவுக்கும் உணவுக்கும் உகந்ததாய் இருக்கவேண்டாமா?

தூய நீரை அருளிய வல்ல இறைவன், அதைத் தூய்மை கெடாமல் ஒப்படைக்கும் நற்பேற்றையும் நமக்கு அருள்வானாக! ஆமீன்.