தேவி சுகாவதியை நான் படிக்கவில்லை

கார்ல் சேகனின் ‘கான்டாக்ட்’ நாவலைப் பற்றி ஒரு சிறுபத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதினேன். எழுதியபோது அந்த நாவலை நான் படித்திருக்கவில்லை. 1997-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்திருந்தேன். அதை வைத்து நாவலுக்கு மதிப்புரை எழுதினேன்.

நேரமில்லாமல் போயிற்று என்று சொன்னால் அது பொய். புத்தகம் என் மேசையில்தான் கிடந்தது. ஆங்கிலத்தில் நான் மெதுவாகப் படிப்பவன். ரேடியோ வானியல் வரும் பக்கங்களில் திணறி, மூடி வைத்துவிட்டேன். அறிவியல் புனைகதை என்றால் என்னைத்தான் கேட்கிறார்கள் என்ற கர்வம் இருந்தது. படிக்கவில்லை என்று சொன்னால் அந்த மதிப்பு போய்விடும் என்று பயந்தேன்.

வேகா விண்மீனின் திசையிலிருந்து பகா எண்களாக வரும் சமிக்ஞை, 1936 பெர்லின் ஒலிம்பிக் ஒளிபரப்பு நமக்கே திரும்பி வருவது, நாயகி எல்லி ஆரோவே விண்பயண இயந்திரத்தில் ஏறுவது. இவை படத்திலும் உண்டு, நாவலிலும் உண்டு. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. அந்தத் துணிச்சலில் குற்றமும் சாட்டினேன். மனிதகுலத்துக்கே வந்த அழைப்பில் சேகன் ஒரே ஓர் இருக்கை வைத்தார், அதிலும் ஓர் அமெரிக்கரை உட்காரவைத்தார் என்று எழுதினேன். பலர் பாராட்டினார்கள்.

1985-இல் வெளியான நாவலில் இருக்கைகள் ஐந்து. எல்லியோடு ஒரு ரஷ்யர், ஒரு சீனர், ஒரு நைஜீரியர் போகிறார்கள். இன்னொருவர் தேவி சுகாவதி. இந்தியப் பெண், உயிரியல் விஞ்ஞானி. சாதி மீறி மணந்து, கணவரைப் பறிகொடுத்தவர். போய்ச் சேரும் இடத்தில் எல்லிக்கு இறந்துபோன அப்பாவின் உருவில் வேற்றுலகத்தவர் தோன்றுகிறார். தேவிக்கு அந்தக் கணவரின் உருவில். நாவலின் உச்சம் என்று நான் வியந்து எழுதிய, எல்லியின் கருவியில் பதிவான 18 மணி நேர இரைச்சல் நாவலிலேயே இல்லை, படத்துக்காகச் சேர்த்தது. நாவலில் எல்லி கடைசியில் ஒரு கடிதத்தைப் படிக்கிறாள். தான் வெறுத்த மாற்றாந்தந்தைதான் தன்னைப் பெற்றவர் என்று அறிகிறாள். பிரபஞ்சத்திடம் உண்மை கேட்டவளுக்கு வீட்டு உண்மை தெரிந்திருக்கவில்லை. எவ்வளவு பெரிய முடிவு அது! என் வாசகர்களுக்கு அதை நான் தரவில்லை.

கட்டுரை வந்த பிறகு ஒரு கல்லூரிக் கூட்டத்தில் பேசப் போனேன். ஒரு மாணவி நோட்டுப் புத்தகத்தில் எழுதிய கதையோடு வந்தாள். வானத்திலிருந்து செய்தி வருகிறது. போகும் குழுவில் ஒரு தமிழ்ப் பெண் விஞ்ஞானி இருக்கிறாள். நம்பும்படி இல்லை என்றேன். சேகனே நம்மை ஏற்றிக்கொள்ளவில்லையே என்றேன். அவள் தயங்கிவிட்டு, “நாவல்லயும் வேற நாட்டுக்காரங்க யாருமே போகலையா சார்?” என்று கேட்டாள்.

நேரான கேள்வி. எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். “இல்லம்மா” என்றேன்.

“சரிங்க சார்” என்று நோட்டை மூடிக்கொண்டாள்.

பின்னர் நாவலை முழுதாகப் படித்தேன். தேவி வந்த பக்கத்திலேயே அந்தப் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. அன்றே பத்திரிகைக்கு ஒரு திருத்தம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என் கட்டுரைத் தொகுப்பு வந்தபோது அந்தக் கட்டுரையை ஓர் எழுத்தும் மாற்றாமல் சேர்த்தேன். முதலில் செய்தது சோம்பலும் கர்வமும். இது தெரிந்தே செய்த மோசடி. என்னை நம்பி வெளியிட்ட ஆசிரியரையும் அதில் இழுத்துவிட்டேன்.

சென்ற மாதம் அந்த மாணவியைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கதையை அவள் முடிக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு கதையும் எழுதவில்லை. கோபப்படாமல் ஒன்றுதான் கேட்டாள்: “படிச்ச அன்னிக்கே ஏன் சார் சொல்லல?”

பயம் என்றேன். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.