பேட்டரியா, வயரா? சித்தப்பா காரில் ஒரு வரப்புத் தகராறு!

பி0ஏ80. ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கும் எண் இது. இந்த எரருக்கு வைத்திருக்கும் பெயரே 'ஹைபிரிட் பேட்டரியை மாற்றவும்' என்பதுதான். ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் என் சித்தப்பாவுக்குப் போன மாதம் அதுதான் வந்தது. வாரன்டி முடிந்த செகண்ட் ஹேண்ட் கார். முதலில் காட்டிய இடத்தில், எண்ணைப் பார்த்ததுமே புது பேட்டரிக்கு எஸ்டிமேட் போட்டுவிட்டார்கள். லட்சத்தில்! "பாப்பா காலேஜ் ஃபீஸுக்கு வெச்சிருந்த பணம் கண்ணு" என்று போனில் சொன்னபோது அவர் குரலே இறங்கியிருந்தது.

எதற்கும் இன்னொருவரிடம் கேட்போமே என்று, ஹைபிரிட் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனோம். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. ஸ்கேனரை மாட்டி, லைவ் டேட்டாவைத் திறந்து, "ஒரு ரவுண்டு ஓட்டுங்கண்ணா" என்றார்.

ஹைபிரிட் பேட்டரி என்பது ஒரே டப்பா இல்லை. 1997-ல் ஜப்பானில் அறிமுகமான டொயோட்டா பிரியஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டாம் தலைமுறை காரில் 7.2 வோல்ட் மாட்யூல்கள் 28 இருக்கும். வரிசையாக இணைத்தால் 201.6 வோல்ட். அவற்றை இரண்டிரண்டாக 14 பிளாக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வோல்டேஜையும் மெல்லிய சென்சார் வயர்கள் வழியே ஒரு கம்ப்யூட்டர் படித்துக்கொண்டே இருக்கும். ஒரு பிளாக் மற்றவற்றிலிருந்து ரொம்ப விலகினால் எரர். ஆனால், கம்ப்யூட்டருக்கு பேட்டரி தெரியாது. வயர் சொல்லும் சேதி மட்டும்தான் தெரியும். சித்தப்பா காரிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

ஓட்டிப் பார்த்ததில் ஒரு பிளாக் குறைவாகக் காட்டியது. பக்கத்து பிளாக் அதிகம். இரண்டையும் கூட்டினால் கணக்கு சரி. "இது வரப்புத் தகராறுண்ணா" என்று சிரித்தார் மெக்கானிக். இரண்டு பிளாக்குக்கும் நடுவில் வரும் வயர் இரண்டுக்கும் பொது. அந்த இணைப்பு கெட்டால், வரப்பு நகர்ந்த மாதிரி ஒருத்தர் காடு குறையும், பக்கத்துக் காடு அதே அளவு கூடும். மொத்த நிலம் மாறாது. நிஜமாகவே ஒரு பிளாக் பலவீனம் என்றால், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது அது மட்டும் சரியும், சார்ஜ் ஏறும்போது எகிறும். பக்கத்து பிளாக் அதற்கு ஈடு கட்டாது. அதனால் யாராவது 'பேட்டரி போச்சு' என்றால், அந்த பிளாக் வோல்டேஜ் ஸ்கிரீனைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்ட மறுத்தால், என்னைக் கேட்டால், வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

திறந்து பார்த்தால், செம்புத் தகட்டிலும் வயர் முனையிலும் பச்சைக் களிம்பு. பூஜையறைச் செம்பில் ஏறுமே, அதே களிம்பு. விஷயம் கேட்ட சித்தி, "புளி போட்டுத் தேய்ச்சாப் போச்சு" என்றார். தயவுசெய்து வீட்டில் யாரும் இதில் கைவைக்க வேண்டாம். ஆரஞ்சு நிற கேபிளில் ஓடுவது ஆளைக் கொல்லும் மின்சாரம். அண்ணன் 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை மாட்டி, சர்வீஸ் பிளக்கை உருவி, கெபாசிட்டரில் தங்கிய மின்சாரம் வடிய 10 நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் மூடியையே திறந்தார். பிளக்கை உருவினாலும் பேட்டரிக்குள் மின்சாரம் இருக்கத்தான் செய்யும் என்பதால், கையுறையைக் கடைசிவரை கழற்றவில்லை.

தகடுகளையும் வயரையும் மாற்றி, எரரை அழித்து, மறுபடி ஓட்டினார். எல்லா பிளாக்கும் ஒரே வரிசையில் நின்றன. பேட்டரி பழசு, என்றைக்காவது மாற்ற வேண்டி வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

காலேஜ் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. எஸ்டிமேட் போட்ட இடத்திலிருந்துதான், "சார், பேட்டரி எப்ப மாத்தறீங்க?" என்று இன்னும் போன் வந்துகொண்டிருக்கிறது.